ஒகேனக்கல் தண்ணி: ஆற்றிலிருந்து டேங்க் வரை ஒரு சேவை, டேங்க்கிலிருந்து குடம் வரை இன்னொன்று

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் தண்ணீருக்கு இரண்டு பெயர்தான். ஒன்று ஒகேனக்கல் தண்ணி, மற்றது ஆழ்துளைக் கிணற்றிலிருந்து வரும் போர் தண்ணி. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தை ஒரு சேவையாக எடுத்துக்கொண்டு, வாங்குபவர் பக்கமிருந்து அதை மதிப்பிடுகிறது இந்தக் கட்டுரை.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். காவிரியிலிருந்து ஊர் மேல்நிலைத் தொட்டி வரை வரும் பாதிக்குத் தயங்காமல் நல்ல மதிப்பெண் தரலாம். தொட்டியிலிருந்து வீட்டுக் குடம் வரை உள்ள பாதி ஊருக்கு ஊர் மாறுகிறது. ஒரே திட்டம், ஒரே தண்ணீர், ஒரே அளவு தொட்டி. ஒரு ஊரில் கடைசி வீடு வரை குடம் நிரம்புகிறது, பக்கத்து ஊரில் பாதித் தெரு காலிக் குடத்தோடு மறியலில் உட்கார்கிறது. குழாய் உடைப்பும் மின்தடையும் காரணமாக இருக்கும் நாட்கள் உண்டு. மற்ற நாட்களில் காரணம், ஊரின் இரண்டு கட்சிக்காரர்கள் ஒரே திண்ணையில் உட்கார்ந்து தண்ணீர் விடும் முறையைப் பேசினார்களா இல்லையா என்பதுதான்.

இந்தத் தண்ணீர் ஏன் தேவைப்பட்டது என்று தெரிந்தால்தான் மற்றது புரியும். இந்த மாவட்டங்களின் நிலத்தடிப் பாறையில் புளோரைடு இருக்கிறது. போர் ஆழம் போகப் போக, பாறையோடு நெடுநாள் கிடந்த தண்ணீர் மேலே வருகிறது. இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் புளோரைடு வரை ஏற்கலாம். வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் போனால், பல் முளைக்கும் வயதுக் குழந்தைகளுக்குப் பல்லில் காவிக் கோடு விழும். அது தேய்த்தால் போகாது. பல வருடம் குடித்தவர்களுக்கு மூட்டும் முதுகும் இறுகும்.

இதில் பலர் ஏமாறுகிற இடம் ருசி. "எங்க போர் தண்ணி இனிப்பா இருக்கு, பருப்பு நல்லா வேகுது, இதுல என்ன கெடுதல்?" என்பார்கள். பருப்பு வேகாமல் செய்வது சுண்ணாம்புச் சத்து. புளோரைடு மிகுந்த தண்ணீரில் பெரும்பாலும் சுண்ணாம்பு குறைவாகத்தான் இருக்கும். அதனால் நாக்குக்கு நன்றாக இருக்கிற தண்ணீரே எலும்புக்குக் கெட்டதாக இருக்க முடியும். காய்ச்சினாலும் பயனில்லை, ஆவி போகப் போக மிச்சத் தண்ணீரில் புளோரைடின் அளவு கூடும். துணியில் வடிகட்டினாலும் கேண்டில் ஃபில்டர் வைத்தாலும் போகாது. ஆர்.ஓ. கருவி குறைக்கும், ஆனால் அது எல்லா வீட்டுக்கும் ஆகிற செலவு இல்லை. ஆற்றுத் தண்ணீரைக் குழாயில் கொண்டு வருவதுதான் ஊர் முழுமைக்கும் பொருந்துகிற வழி. திட்டத்தின் முழுப் பெயரிலேயே புளோரைடு பாதிப்பைத் தணிப்பது என்று இருக்கிறது.

அந்தக் குழாய் ஒரு கட்சியால் வந்ததல்ல. காவிரித் தண்ணீர் என்பதால் முதல் பேச்சு இரண்டு மாநிலங்களுக்கு இடையில் நடந்தது. 1998இல் மத்திய அரசு முன்னிலையில், பெங்களூருக்கான காவிரிக் குடிநீருக்குத் தமிழ்நாடும் ஒகேனக்கல் குடிநீருக்குக் கர்நாடகமும் தடை சொல்வதில்லை என்ற புரிதல் ஏற்பட்டது. இரண்டு பக்கமும் குடிநீரை மட்டும் பாசன வழக்கிலிருந்து பிரித்து வைத்துப் பேசின. பிரித்து வைத்ததால்தான் முடிந்தது. நடுவர் மன்றத் தீர்ப்பு வரட்டும், எல்லாவற்றையும் சேர்த்துத் தீர்ப்போம் என்று இருந்திருந்தால் பாலக்கோட்டுக்கும் ஊத்தங்கரைக்கும் இன்னும் பல வருடம் போர் தண்ணிதான்.

2008 பிப்ரவரி 26 அன்று முதல்வர் கருணாநிதி அடிக்கல் நாட்டினார், அப்போது உள்ளாட்சித் துறை மு.க.ஸ்டாலினிடம் இருந்தது. ஜப்பான் பன்னாட்டு ஒத்துழைப்பு வங்கியோடு கடன் ஒப்பந்தம் அந்த மார்ச்சில் கையெழுத்தானது, பின்னர் அந்தக் கடன் ஜப்பானின் ஜைக்கா நிறுவனத்தின் கைக்கு வந்தது. உடனே கர்நாடகத்தில் எதிர்ப்பு கிளம்பியது. அங்கே சட்டமன்றத் தேர்தல் நெருங்கிய நேரம். ஏப்ரல் 5 அன்று கருணாநிதி, கர்நாடகத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசு அமையும் வரை பொறுத்திருப்போம் என்று அறிவித்தார். பின்வாங்கிவிட்டார் என்று அன்று கடுமையான விமர்சனம் வந்தது. இன்றைக்குப் பார்த்தால் அந்தப் பொறுமையால் திட்டம் கெடவில்லை. தேர்தல் முடிந்தது, சூடு தணிந்தது, வேலை நடந்தது.

2011 மே மாதம் ஆட்சி மாறியது. அதிமுக வந்தது. முந்தைய ஆட்சியின் சமச்சீர் கல்வியை நிறுத்தி வைக்கப் புதிய அரசு சட்டத்திருத்தம் கொண்டு வந்து, உச்ச நீதிமன்றம் வரை போய், ஆகஸ்ட் 9 அன்று தீர்ப்பு வந்த பிறகே பிள்ளைகள் கைக்குப் புத்தகம் வந்த வருடம் அது. ஓமந்தூரார் வளாகத்தில் எழும்பிய புதிய தலைமைச் செயலகத்துக்குள் புதிய ஆட்சி போகவில்லை, அது பின்னர் மருத்துவமனை ஆனது. அதே அரசு ஒகேனக்கல் குழாயை மட்டும் நிறுத்தவில்லை. தொடர்ந்து பதித்தது. 2013 மே 29 அன்று முதல்வர் ஜெயலலிதா திட்டத்தைத் தொடங்கி வைத்தார். மதிப்பு 1,928.80 கோடி ரூபாய்.

ஏன் இது மட்டும் தப்பியது? கடன் ஒப்பந்தம் வெளிநாட்டு நிறுவனத்தோடு போட்டது, இடையில் விட்டால் வட்டி மட்டும் மிஞ்சும். மண்ணுக்குள் போன குழாயைப் பெயர் மாற்றவோ வேறு வேலைக்குத் திருப்பவோ முடியாது. இவற்றைவிட வலுவான காரணம் ஒன்று உண்டு. இந்த இரண்டு மாவட்டத்திலும் திமுக, அதிமுக, பாமக, காங்கிரஸ், இடதுசாரிகள் என எல்லோருக்கும் ஓட்டு இருக்கிறது. எந்த ஊர்க் குழாயை வெட்டினாலும் தன் கட்சிக்காரன் வீட்டுத் தண்ணீரும் நிற்கும். அடிக்கல் எங்களது என்று ஒரு கட்சி சொல்லலாம், திறப்பு எங்களது என்று மற்றது சொல்லலாம். இரண்டும் உண்மை. இரண்டு பேரும் பெருமை பேசுவதற்கு இடம் இருந்ததும் திட்டத்துக்கு நல்லதாகவே போனது. எதிர்க்கட்சிக்குப் பெயர் கிடைத்தாலும் பரவாயில்லை என்று விட்டுக்கொடுத்த அந்த ஐந்து வருடத்தின் பலன், இன்று குழாயைத் திறந்தால் வருகிறது.

ஆற்றிலிருந்து தொட்டி வரையான வேலையைச் சுருக்கமாகச் சொல்லலாம். ஒகேனக்கலில் ஆற்று நீர் எடுத்து, யானைப்பள்ளம் நிலையத்தில் சுத்திகரித்து, நீரேற்று நிலையங்கள் வழியாக மேட்டுக்கு ஏற்றி, பெரிய தேக்கத் தொட்டிகளிலிருந்து ஊர்களுக்குப் பிரிக்கிறார்கள். தண்ணீர் மேடேற வேண்டியிருப்பதால் மின்சாரம் நின்றால் வரத்தும் நிற்கும். அதுவும் உடனே தெரியாது, வழியில் உள்ள தொட்டிகள் வற்றிய பிறகுதான் ஊரில் தெரியும். மின்சாரம் திரும்பியதும் குழாய் முழுக்க மறுபடி நிரம்ப வேண்டும். அதனால் "கரண்ட் வந்துடுச்சே, தண்ணி எங்கே?" என்று அன்று மாலையே ஊரில் தண்ணி விடும் ஆபரேட்டரிடம் சண்டை போடுவதில் நியாயமில்லை. ஆற்றில் புது வெள்ளம் வரும் நாட்களில் கலங்கல் கூடி, சுத்திகரிப்பு மெதுவாகும். சாலை விரிவாக்கத்தில் பொக்லைன் பட்டுப் பிரதானக் குழாய் உடைவதும் உண்டு.

இனி ஊருக்குள் வருவோம். இங்கேதான் நிறையப் பேச வேண்டியிருக்கிறது.

வழக்கமான பிரச்சினை இப்படி இருக்கும். தொட்டிக்குப் பக்கத்துத் தெரு ஒரு கட்சி, கடைசித் தெரு இன்னொரு கட்சி. தண்ணி விடுகிறவர் இப்போது செல்வாக்குள்ள பக்கத்து ஆள். கடைசித் தெருவில் தண்ணீர் மெல்ல வருகிறது. "வேணும்னே வால்வைத் திருகிட்டான்" என்று அந்தத் தெரு சொல்கிறது. "எல்லாருக்கும் ஒரே மணி நேரம்தானே விடறோம்" என்று இவர்கள் சொல்கிறார்கள். இருவரும் பொய் சொல்லவில்லை. ஒரே நேரம் விட்டாலும் ஒரே அளவு தண்ணீர் போகாது. தூரமும் மேடும் குழாயின் அகலமும் அழுத்தத்தைத் தின்றுவிடும்.

இதைத் தீர்க்க ஒரு வாளியும் கைபேசிக் கடிகாரமும் போதும். 20 லிட்டர் வாளி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தெருவுக்குத் தண்ணீர் விட்டு, அந்தத் தெருவின் எல்லா வீட்டுக் குழாயும் திறந்திருக்கும்போது, முதல் வீட்டிலும் நடு வீட்டிலும் கடைசி வீட்டிலும் வாளி நிரம்ப எத்தனை நொடி ஆகிறது என்று குறியுங்கள். ஒரு குழாயை மட்டும் திறந்து அளந்தால் கணக்கு தப்பாகும், அப்போது எல்லா வீட்டிலும் வேகமாகத்தான் வரும். அளக்கும்போது இரண்டு கட்சியிலிருந்தும் ஆளுக்கு ஒருவர் கூட நிற்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் அளந்த அளவை மறுபக்கம் நம்பாது, நம்ப வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் சரியில்லை.

கணக்கு எளிது. கிராம வீடுகளுக்குக் குழாய் நீர் தரும் மத்திய அரசின் ஜல் ஜீவன் திட்ட அளவு ஆளுக்கு நாளைக்கு 55 லிட்டர். வீட்டுக்கு நாலு பேர் என்றால் 220 லிட்டர், அதாவது 11 வாளி. மேட்டுத் தெருவில் வாளி நிரம்ப 2 நிமிடம் ஆனால் அந்தத் தெருவுக்கு 22 நிமிடம் வேண்டும். தொட்டிப் பக்கத்துத் தெருவில் 1 நிமிடம் என்றால் 11 நிமிடம் போதும். 30,000 லிட்டர் தொட்டி ஒருமுறை நிரம்பினால் இந்த அளவில் சுமார் 130 வீட்டுக்கு வரும். வீடு அதற்கு மேல் இருந்தால் இரண்டு முறை நிரப்ப வேண்டும், அல்லது அளவைக் குறைத்து எல்லோருக்கும் சமமாகக் குறைக்க வேண்டும்.

எண் கையில் வந்ததும் பேச்சின் தன்மையே மாறுகிறது. "எங்களுக்கு ஓரவஞ்சனை" என்று தொடங்கிய ஆள் "எங்களுக்கு இன்னும் 8 நிமிடம்" என்று கேட்பார். ஓரவஞ்சனைக்குப் பதில் சொல்ல யாராலும் முடியாது. 8 நிமிடத்தைக் கொடுக்க முடியும்.

முறை போடும்போது கடைசித் தெருவுக்கு முதலில் விடுங்கள். தொட்டி நிறைந்திருக்கும்போது உயரம் கூடுதல், அழுத்தமும் கூடுதல், அந்தப் பலன் தூரத்துத் தெருவுக்குப் போகட்டும். தண்ணீர் விடும்போது தெரு வால்வை முழுக்கத் திறக்க வேண்டும், மற்ற நேரம் முழுக்க மூட வேண்டும். கேட் வால்வை மாதக்கணக்கில் பாதி திறந்தே வைத்தால் உள்ளே இருக்கும் தகடு அரித்து, பிறகு மூடினாலும் மூடாது. பல ஊரில் வால்வு கசிவதற்கு இதுவே காரணம்.

"ஒருநாள் உங்க பக்கம், ஒருநாள் எங்க பக்கம்" என்ற ஏற்பாடு கேட்க நியாயமாக இருக்கும், நடைமுறையில் தோற்கும். இரண்டு பக்கமும் வீட்டு எண்ணிக்கை சமமாக இருக்காது என்பது ஒன்று. தண்ணீர் இல்லாத நாளில் குழாய் வெறுமையாகி, இணைப்பு கசிகிற இடத்தில் சாக்கடை நீரை உள்ளே இழுக்கும் என்பது அதைவிடப் பெரியது. ஆட்சிக்கு வந்தவர்கள் தங்கள் தெருவுக்குத் தொட்டியிலிருந்தே தனி லைன் இழுத்துக்கொள்வதும் இதே வகைத் தவறு. அந்த லைன் திறந்திருக்கும் வரை மற்ற எல்லா லைனிலும் அழுத்தம் விழும். அடுத்த தேர்தலில் மறுபக்கம் வந்து இன்னொரு லைன் இழுக்கும், கடைசியில் தொட்டி அரை மணியில் காலி. வீட்டுக் குழாயில் நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சுவது எல்லாக் கட்சி வீட்டிலும் நடக்கிறது, ஆகவே அதை நிறுத்தும் முடிவையும் இரண்டு பக்கமும் சேர்ந்துதான் எடுக்க வேண்டும். ஒரு பக்கத்து மோட்டாரை மட்டும் பறிமுதல் செய்தால் அன்று மாலையே பிரச்சினை காவல் நிலையத்துக்குப் போகும்.

ஆபரேட்டரை மாற்றுவதில் உள்ள ஆபத்து பலருக்குத் தெரியாது. தலைவர் மாறினதும் தண்ணி விடுகிறவரையும் மாற்றுகிறார்கள். எந்த வால்வு எங்கே மண்ணுக்குள் இருக்கிறது, எது இடதுபுறம் திருகினால் மூடும் என்பதெல்லாம் பழையவர் தலைக்குள் மட்டும் இருக்கும். அவர் கோபத்தோடு போனால் ஊர் ஒரு வாரம் தவிக்கும். ஒரு பெரிய அட்டையில் தெரு, குழாய், வால்வு இருக்கும் இடம் எல்லாவற்றையும் வரைந்து ஊராட்சி அலுவலகச் சுவரில் மாட்டி வைப்பது நல்லது. வால்வுத் தொட்டிக்கு மூடியும் பூட்டும் போட்டு, சாவி ஒன்று ஆபரேட்டரிடமும் ஒன்று மறுபக்கத்துத் தெருவின் மகளிர் குழுவிடமும் இருக்கட்டும். தொட்டி நிரம்பிய நேரம், ஒவ்வொரு தெருவுக்கும் திறந்த நேரம், மூடிய நேரம் இவற்றை ஒரு நோட்டில் எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும்.

எல்லாவற்றிலும் கவனம் தேவைப்படுவது கலப்பு. கோடையில் ஒகேனக்கல் வரத்து குறைந்ததும் ஒரு பக்கம் "போர் தண்ணியைச் சேர்த்து டேங்க்கை நிரப்பு, தண்ணி வந்தா போதும்" என்கிறது. மறுபக்கம் "நல்ல தண்ணியைக் கெடுக்காதே" என்கிறது. சண்டை வேண்டாமென்று பாதிக்குப் பாதி கலக்கிறார்கள். போரில் லிட்டருக்கு 3 மில்லிகிராம் புளோரைடு, ஆற்று நீரில் 0.3 என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதிக்குப் பாதி கலந்தால் 1.65. அது 1.5 என்ற கடைசி வரம்பையும் தாண்டிவிட்டது. 1க்குள் நிற்க வேண்டுமென்றால் நாலில் ஒரு பங்குதான் போர் தண்ணீர் சேரலாம். யாரும் அளந்து ஊற்றுவதில்லை. ஆக, பாதிக்குப் பாதி என்பதில் இரண்டு பக்கமும் கேட்டது கிடைக்கவில்லை: தண்ணீரும் கெட்டது, பிள்ளைகளின் பல்லும் கெடும்.

இதற்குச் சரியான ஏற்பாடு, உபயோகத்தைப் பிரிப்பது. போர் தண்ணீரைத் தெருமுனைச் சின்டெக்ஸ் தொட்டிக்கு ஏற்றி, துணி, பாத்திரம், மாடு ஆகியவற்றுக்கு விடுங்கள். மேல்நிலைத் தொட்டிக்குள் ஒகேனக்கல் தண்ணீர் மட்டும் போகட்டும், அது குறைந்த நேரம் வந்தாலும் குடிக்கவும் சமைக்கவும் காணும். நிறையத் தண்ணீர் கேட்டவருக்குத் தண்ணீர், நல்ல தண்ணீர் கேட்டவருக்கு நல்ல தண்ணீர். போர் குழாய் மேல்நிலைத் தொட்டிக்குப் போகும் இணைப்பை வால்வு போட்டு மூடினால் மட்டும் போதாது, அறுத்து மூடி போட்டுவிட வேண்டும். வால்வு இருந்தால் ஒரு அவசர நாளில் யாராவது திறப்பார்கள்.

சந்தேகம் வந்தால் களச் சோதனைப் பெட்டி இருக்கிறது. ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்கு அதில் பயிற்சி தர வேண்டும் என்பது ஏற்பாடு. புளோரைடு சோதனையில் மருந்து விட்டதும் சிவப்பு மஞ்சள் பக்கமாக மாறும், மஞ்சள் கூடக் கூடப் புளோரைடு அதிகம். நிற அட்டையோடு ஒப்பிட வேண்டும், மாலை வெளிச்சத்திலோ குழல் விளக்கிலோ பார்த்தால் தவறு வரும்.

தொட்டி சுத்தம் மாதம் இருமுறை, 5ஆம் தேதியும் 20ஆம் தேதியும். பிளீச்சிங் பவுடர் 1,000 லிட்டருக்கு 4 கிராம், ஆக 30,000 லிட்டருக்கு 120 கிராம். தூளை அப்படியே கொட்டக்கூடாது. வாளியில் கரைத்து அரை மணி தெளியவிட்டு, மேல் தெளிவை மட்டும் ஊற்ற வேண்டும், அடியில் சுண்ணாம்பு மண்டிதான் இருக்கும். கடைசித் தெருக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும். எந்தக் குழாயில் சோதிப்பது என்பதில் பக்கம் பார்க்காமல் எப்போதும் கடைசி வீட்டையே எடுங்கள்.

பேசி முடித்த முறையை எழுத்தில் வைக்கும் இடம் கிராம சபை. தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என வருடம் ஆறு கூட்டம். ஊராட்சித் தலைவர், வார்டு உறுப்பினர் தேர்தலில் கட்சிச் சின்னம் கிடையாது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வாக்குச் சாவடியில் ஒன்றியக் கவுன்சிலர், மாவட்டக் கவுன்சிலர் சீட்டுகளில்தான் கட்சிச் சின்னம் இருக்கும். ஊர் வேலைக்குள் கட்சி வரக்கூடாது என்றுதான் சட்டம் அப்படி வைத்தது. 2025 ஜனவரி 5 அன்று இந்த இரண்டு மாவட்டத்திலும் தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர் பொறுப்புக்கு வந்தார். தலைவர் இல்லாத காலத்தில் கட்சிகளின் கிளைச் செயலாளர்கள்தான் ஊர்ப் பேச்சை நடத்துகிறார்கள். அப்போது எழுத்து இன்னும் அவசியம்.

தீர்மானத்தில் "அனைவருக்கும் சீராகக் குடிநீர் வழங்கப்படும்" என்று எழுதினால் அது தாளில் தூங்கும். "இன்ன தெருவுக்குக் காலை 6.00 முதல் 6.22 வரை" என்று எழுதுங்கள். கோடைக்கு ஒரு நேரம், பண்டிகை நாளுக்கு ஒரு நேரம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை மறு அளவு என்பதையும் சேர்த்துவிடுங்கள். விட்டுக்கொடுத்த பக்கத்துக்கு அது நிரந்தரமில்லை என்று தெரிந்தால்தான் மனம் வந்து கையெழுத்திடும். மக்கள்தொகை 501 முதல் 3,000 வரை உள்ள ஊராட்சியில் 100 பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும், ஒரு பக்கம் புறக்கணித்தால் தீர்மானமே நிற்காமல் போகலாம். தீர்மான நகலைக் கேட்டு வாங்கி, தொட்டிக் காலில் ஒட்டுங்கள்.

மேலிருந்து வரும் அளவே குறைந்தால் ஊருக்குள் எப்படி முறை வைத்தாலும் தீராது. அப்போது போக வேண்டிய இடம் வட்டார வளர்ச்சி அலுவலர், குடிநீர் வாரியப் பொறியாளர், அதற்கும் மேல் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டம். ஒரே ஊரிலிருந்து இரண்டு கட்சி இரண்டு மனு கொடுத்தால், ஊர்த் தகராறு என்று தாசில்தாருக்கோ காவல் துறைக்கோ அது திரும்பும். இரண்டு கிளைச் செயலாளரும் ஒரே தாளில் கையெழுத்திட்டு, பின்னால் வாளிக் கணக்கையும் தொட்டிக்கு வரும் தண்ணீரின் அளவுமானி (மீட்டர்) பதிவையும் இணைத்துக் கொடுத்தால் பொறியாளர் அதைத் தண்ணீர்ப் பிரச்சினையாகவே பார்ப்பார். குறைந்தது 15 நாள் பதிவு வேண்டும். மார்ச் 22 கூட்டத்தில் வைக்க நினைத்தால், மார்ச் முதல் தேதியிலேயே வாளியும் நோட்டுமாக இரண்டு பக்கத்து ஆட்களும் கடைசி வீட்டுக் குழாயடியில் இருக்க வேண்டும்.